கலவரம் என்னும் சொல்

விழா மலரொன்றிற் சிறைக்கூடத்தைப் பற்றிய கட்டுரை இடம்பெறுதல் தகுமோ என வினவுவாரும் இருப்பர். கல்லூரியின் பழம்பெருமையையும் ஆசிரியர்தம் அருந்தொண்டையும் பாடுதற்கு வேறு பக்கங்கள் உள. அவற்றைப் பிறர் நன்கு எழுதுவர். நாம் ஈண்டு ஒரு சொல்லைப் பற்றியே வழக்காட முன்வந்துள்ளோம். தமிழாசிரியனுக்குச் சொல்லைப் பற்றிய வழக்கைத் தவிர வேறென்ன உடைமை இருக்கின்றது?

மாணவர் எழுதும் கட்டுரைகளில் “1983 வெலிக்கடைச் சிறைக் கலவரம்” என்னும் தொடரை அடிக்கடி காண்கின்றோம். பத்திரிகைகளும் அவ்வாறே எழுதின. பெரியோர் சிலரும் அவ்வாறே பேசுகின்றனர். கலவரம் என்றால் என்ன? இரு திறத்தாரும் கலந்து மோதுதல், அல்லது ஒரு கூட்டம் ஒழுங்கு குலைந்து எழுதல். பூட்டிய அறைக்குள் இருப்பவன் யாரோடு கலகஞ் செய்வான்? திறவுகோல் அவன் கையில் இல்லையே!

நடந்ததைக் கூறுவோம். 1983 யூலை 25ஆம் நாள் கொழும்பு வெலிக்கடைச் சிறையில் அடைக்கப்பட்டிருந்த தமிழ் அரசியற் கைதிகளுள் 35 பேர் அடித்தும் வெட்டியும் கொல்லப்பட்டனர். தங்கத்துரை, குட்டிமணி, ஜெகன் ஆகியோர் அன்று மாண்டவருள் அடங்குவர். ஒரு நாள் இடைவிட்டு 27ஆம் நாள் மேலும் 18 பேர் கொல்லப்பட்டனர். ஆக 53 உயிர்கள். தாக்கியோர் பிற கைதிகள். அவர்களுக்குக் கதவு திறந்தது எவ்வாறு என்ற வினாவுக்கு இன்றுவரை எந்த நீதிமன்றமும் விடை கூறவில்லை. மரண விசாரணையில் இவை கொலைகள் எனவே முடிவு கூறப்பட்டது. ஆயினும் ஒருவர்மீதேனும் குற்றவழக்கு நடைபெற்றிலது. முதல் நாட் கொலைக்குப் பின்னும் அதே மதிலுக்குள் எஞ்சியோர் வைக்கப்பட்டனர் என்பதை எண்ணுந்தோறும் நெஞ்சு நடுங்குகின்றது. முதல் நாளை எதிர்பாராத் தீங்கு என்று சொல்லித் தப்ப முயல்வோர், இரண்டாம் நாளை எவ்வாறு விளக்குவர்?

அந்த இரண்டாம் நாளைப் பற்றி நாம் அறிவதெல்லாம் உயிர் தப்பியோர் வாயிலாகவே. அவருள் முதன்மையானவர் ச. அ. டேவிட் ஐயா. ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பனில் 1924இல் பிறந்து, கட்டடக் கலைஞராகப் பணியாற்றி, மருத்துவர் ராஜசுந்தரம் அவர்களோடு காந்தீயம் என்னும் தொண்டு நிறுவனத்தை நடத்தியவர். மலையகத்திலிருந்து துரத்தப்பட்டு வன்னிக்கு வந்த ஏழைக் குடும்பங்களுக்குக் குடியிருப்பும் பயிர்நிலமும் தேடிக் கொடுத்த நிறுவனம் அது. அதன் காரணமாகவே இருவரும் 1983இல் தளைப்பட்டனர். 27ஆம் நாள் கொலைஞர் தம் பகுதிக்குள் புகுந்தபோது, அவர்களோடு பேசிப் பார்க்க முன்சென்ற ராஜசுந்தரம் அடித்துக் கொல்லப்பட்டார். எஞ்சியோர், அவருட் கத்தோலிக்கக் குருமாரும் விரிவுரையாளரும் இருந்தனர், மேசை நாற்காலிகளை உடைத்து அவற்றின் கால்களைக் கையிலேந்தி வாயிலிற் நின்று தடுத்தனர். அரைமணி நேரமளவு அவ்வாறு நின்றதாக டேவிட் ஐயா எழுதியுள்ளார். பின்னர் இராணுவத்தினர் உட்புகுந்து தாக்கியோரைக் கலைத்தமையால் அவர் பிழைத்தார். இதையும் அவர் மறையாது எழுதினார். தமக்கு இழைக்கப்பட்ட கொடுமையைக் கூறுமிடத்தும், உயிர் காத்தது யார் என்பதை விட்டுவிடாத அந்த நேர்மையை மாணவர் கவனித்தல் வேண்டும்.

சிறையில் அன்று “எழுச்சி” என்று ஒன்று நிகழ்ந்ததாயின், அது மேசைக்காலை ஏந்திய அந்தச் சிலருடைய எழுச்சியே. அதற்கு ஏன் நம்மிடம் ஒரு பெயர் இல்லை?

எஞ்சியவர் இருபது பேர்கூட இலர். அவர்களை நம் மட்டக்களப்புச் சிறைக்கே கொண்டுவந்தனர். இவ்விடத்தில்தான் கதை நம் மண்ணை மிதிக்கின்றது. 1983 செப்டெம்பர் 23ஆம் நாள் இரவு மட்டக்களப்புச் சிறை உடைக்கப்பட்டது. நாற்பது பேரளவிலான அரசியற் கைதிகள் வெளியேறினர். டேவிட் ஐயாவும் அவருள் ஒருவர். அகவை 59. வவுணதீவிலிருந்து வலையிறவுப் பாலங் கடந்து நகருக்கு வரும் நம் பிள்ளைகள் இந்தச் சிறையுடைப்பைக் கேள்விப்பட்டிருக்கின்றனர். அது துணிவின் கதை. பிள்ளைகளுக்குத் துணிவின் கதை பிடிக்கும். அதற்கு ஈராறு கிழமைகூட முன்னதாகாத யூலையைக் கேட்டால் வாயடைத்து நிற்கின்றனர், அல்லது “கலவரம்” என்கின்றனர். ஏன் ஓடினர் என்பதை அறியாமல் ஓடியதை மட்டும் வியப்பது என்ன கல்வி?

மறுபுறம் வேறொரு சொற்பிழையும் உண்டு. மாண்டோர் அனைவரையும் “தியாகிகள்” என்று ஒரே சொல்லால் மூடிவிடுவது. அவருள் ஆயுதமேந்தியோரும் இருந்தனர். ஆயுதத்தைக் கையாலும் தொடாதோரும் இருந்தனர். தண்டனை பெற்றவரும், விசாரணையையே காணாதவரும் இருந்தனர். தியாகம் என்பது ஒருவன் தானே கொடுப்பது. இவர்களிடமிருந்து உயிர் பறிக்கப்பட்டது. மாலை சூட்டும் விரைவில் கொலைஞனை மறந்துவிடுகின்றோம். “படுகொலை” என்னும் சொல் செய்தவனையும் உடன் அழைத்து வருகின்றது. ஆகலின் அதுவே தக்கது என்பது நம் துணிபு.

“பழம்புண்ணை ஏன் கிளறுகின்றீர்? பிள்ளைகள் பரீட்சைக்குப் படிக்கட்டும்” என்று நண்பர் ஒருவர் நம்மிடம் கூறினார். பழம்புண் என்றால் ஆறியிருக்க வேண்டும். 2000 ஒக்டோபர் 25ஆம் நாள் பண்டாரவளையை அடுத்த பிந்துனுவெவப் புனர்வாழ்வு முகாமில் அரசின் காவலிலிருந்த தமிழ் இளைஞர் 27 பேர் கொல்லப்பட்டனர். தண்டிக்கப்பட்டோரும் 2005இல் உயர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டனர். இன்னும் அருகே வருவோம். 2018 நவம்பர் 30ஆம் நாள் நம் வவுணதீவுச் சோதனைச் சாவடியில் இரு பொலிசார் கொல்லப்பட்டனர். முன்னாட் போராளிகள்மீதே முதலில் ஐயம் விழுந்தது. ஒருவர் மாதக்கணக்கிற் சிறையில் இருந்தார். 2019 ஏப்ரில் குண்டுவெடிப்புகளின் பின்னரே அக்கொலைகளைச் செய்தோர் வேறொரு குழுவினர் என்பது வெளிப்பட்டது. அவரைப் பிடித்து வைத்த பயங்கரவாதத் தடைச் சட்டம், 1979இல் மூவாண்டுக்கென்று இயற்றப்பெற்று 1982இல் நிலையாக்கப்பட்ட அதே சட்டம். வெலிக்கடைக் கைதிகள் பலரையும் அதுவே அடைத்து வைத்தது.

தப்பியவர் சாட்சி எவ்வளவு பெறும் என்பதை உலகம் கண்டதுண்டு. 1943 ஒக்டோபர் 14ஆம் நாள் போலந்திலிருந்த சோபிபோர் என்னும் நாஜிக் கொலை முகாமிற் கைதிகள் கிளர்ந்தெழுந்தனர். முந்நூறு பேரளவில் வெளியேறினர். போர் முடியுமட்டும் உயிரோடிருந்தோர் ஏறத்தாழ ஐம்பதின்மரே. அச்சிலரின் சாட்சியங் கொண்டு 1965இல் ஜெர்மனியின் ஹாகன் நகரில் முகாம் அலுவலர்மீது வழக்கு நடந்தது. இருபத்திரண்டு ஆண்டு கழிந்தும் நடந்தது! நம் நாட்டிலோ, சாட்சியங்களைத் தேடித் தொகுத்தோருள் சூரியா விக்கிரமசிங்க என்னும் சிங்களச் சட்டத்தரணி முன்னிற்கின்றார். அதனை நன்றியோடும் சிறிது நாணத்தோடும் குறிக்கின்றோம்.

டேவிட் ஐயா முப்பதாண்டுக்கு மேலாகத் தமிழ்நாட்டில் வாழ்ந்து, 2015இல் தாயகம் திரும்பி, அவ்வாண்டு ஒக்டோபரிற் கிளிநொச்சியிற் காலமானார். அவரிடம் நேரிற் கேட்டெழுத நம்மவருக்கு ஆண்டுகள் பல இருந்தன. அன்று இளைஞராயிருந்தோர் இன்று அறுபதையும் எழுபதையும் கடந்துவிட்டனர்.

ஆகவே பழைய மாணவர் சங்கத்தாரிடம் நாம் வேண்டுவது சிறிது. விழா நிதியில் ஒரு பங்கை ஒதுக்கி, கல்லூரி நூலகத்தில் ஓர் அலுமாரியை இச்சாட்சியங்களுக்கென வைத்தல் வேண்டும். அச்சேறிய நூல்கள், விசாரணை அறிக்கைகள், கடிதங்கள் எவையாயினும் ஆகுக. அக்காலத்துச் செப்டெம்பர் இரவை நினைவிற் கொண்டோர் நம் சங்கத்தில் இருப்பின், சொல்லட்டும்; உயர்தர வகுப்பு மாணவர் எழுதிக்கொள்வர். எழுத்துப் பிழைகளை நாம் திருத்திக்கொள்ளுவோம். சொல்லியவர் சொல்லை மட்டும் திருத்தமாட்டோம்.