செட் ஆயிடும் சார்

போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விருதுநகரில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டு அப்பா, அம்மா, நான் மூணு பேரும் மதுரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். திருமங்கலம் தாண்டியதும் அப்பா மூக்கைச் சுளித்தார். "என்னமோ தீயுற வாசம் அடிக்குதுடா." ரோட்டோரம் குப்பை எரிக்கிறார்கள் என்றேன். கப்பலூர் சுங்கச்சாவடி வரிசைக்காகப் பிரேக்கை மிதித்தபோது பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. இன்னொரு தரம் மிதித்தேன். முன்னால் நின்ற லாரிக்கு ஒரு முழம் பின்னால் வண்டி நின்றது. அம்மா மீனாட்சியைக் கூப்பிட்டாள். நான் இறங்கிப் போய் இடது முன்சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தேன். தொட முடியவில்லை.

நாலு நாளைக்கு முன்னால்தான் பிரேக் பேட் மாற்றியிருந்தது. மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். "புது பேடு சார். ஒரு இருநூறு கிலோமீட்டர் ஓடுனா செட் ஆயிடும்" என்றார்.

இந்தக் கட்டுரை அந்த மெக்கானிக்கைத் திட்டுவதற்காக எழுதப்படவில்லை. அந்த வாக்கியத்தைத் திட்டுவதற்காக எழுதப்படுகிறது. அதை அவர் வாயில் போட்டுவிட்டு ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிறவர்களைத் திட்டுவதற்காகவும். அவர்களில் நானும் ஒருவன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

1

முதலில் ஒரு கணக்கு. நாங்கள் மூணு பேரும் உட்கார்ந்தால் அந்தச் சின்னக் காரின் எடை ஏறக்குறைய 950 கிலோ. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் அதை நிறுத்த வேண்டுமென்றால் சுமார் 2.3 லட்சம் ஜூல் ஆற்றலை எங்கேயாவது கொட்டியாக வேண்டும். முக்கால் லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற வெப்பம் அது. நாலைந்து வினாடிகளில், பெரும்பகுதி முன்சக்கரங்களில், உள்ளங்கை அளவுள்ள நாலு துண்டுகளுக்கும் இரண்டு இரும்புத் தட்டுகளுக்கும் இடையில் அது பிறக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் இந்த வெப்பம் நாலு மடங்காகும். பிரேக் பேட் என்பது இவ்வளவுதான். எஃகுத் தகட்டில் ஒட்டிய ஒரு உராய்வுக் கலவை. அதன் வேலை தேய்ந்து சாவது.

அந்தத் தகட்டின் இரண்டு முனையிலும் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் காதுகள் காலிப்பர் பிராக்கெட்டின் பள்ளத்தில் வழுக்கி முன்னே பின்னே நகர வேண்டும். மிதித்தால் தட்டைப் பிடிக்கணும், காலை எடுத்தால் விடணும். காது அரை மில்லிமீட்டர் பெரிசாக இருந்தாலும் பேட் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும். பிடிக்கும், ஆனால் விடாது. காலை எடுத்த பிறகும் தேய்த்துக்கொண்டே இருக்கும். தட்டு சூடாகும், காலிப்பர் சூடாகும், உள்ளே இருக்கிற பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விடும். குமிழியை அழுத்தலாம், ஆயிலை அழுத்த முடியாது. பெடல் பஞ்சாவது அப்படித்தான்.

மறுநாள் கழற்றிப் பார்த்தோம். புது பேடின் காதுகளில் அரம் போட்ட தடம் பளபளவென்று தெரிந்தது. உள்ளே நுழையவில்லை, ராவி நுழைத்திருக்கிறார். "நீங்கதான சார் வாங்கிட்டு வந்தீங்க. டைட்டா இருந்துச்சு, லேசா தேச்சு விட்டேன்." உண்மை. நான்தான் வாங்கிக் கொடுத்தேன். ஒரு செயலியில், காரின் பேர், வருஷம், பெட்ரோலா டீசலா என்று மூணு பெட்டியை நிரப்பினேன். 'உங்கள் வாகனத்துக்குப் பொருந்தும்' என்று பச்சை டிக் வந்தது. பச்சை டிக்கை நம்பாத சாஃப்ட்வேர் இன்ஜினியர் உண்டா?

'செட் ஆயிடும்' என்பதில் பாதி உண்மை இருக்கிறது என்பதுதான் அதன் ஆபத்து. புது பேடின் பரப்பும் பழைய தட்டின் பரப்பும் ஒன்றோடொன்று பழக இருநூறு முன்னூறு கிலோமீட்டர் நிதானமான ஓட்டம் தேவைதான். சரியான பேட் செட் ஆகும். தப்பான பேட் எத்தனை கிலோமீட்டர் ஓடினாலும் செட் ஆகாது. இரண்டுக்கும் ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பழகிவிட்டோம்.

2

சரியான பேடைத் தேடிப் போனேன். காரின் பேரையும் கம்பெனியின் பேரையும் சொல்லப்போவதில்லை. சொன்னால் இது ஒரு கம்பெனி மேல் கொடுக்கும் புகாராகிவிடும். 2003ஆம் வருஷத்து வண்டி, இப்போது தயாரிப்பில் இல்லை, அது போதும்.

சர்வீஸ் சென்டரில் ஒரு பையன் ரொம்ப மரியாதையாகப் பேசினான். "ஓல்டு மாடல் சார். ஆர்டர் போடணும். எப்ப வரும்னு சொல்ல முடியாது." சரி, பார்ட் நம்பரையாவது சொல்லுங்க, வெளியே தேடிக்கிறேன் என்றேன். "அது சிஸ்டத்துல இருக்கு சார், வெளிய குடுக்கக் கூடாது." கிளம்பும்போது எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் நோட்டீஸ் ஒன்றைக் கையில் கொடுத்தான்.

அடுத்து வடக்கு வெளி வீதியில் ஒரு கடை. அண்ணாச்சி ஏறிட்டுக்கூடப் பார்க்காமல், "பழசைக் கொண்டாந்திருக்கீங்களா?" என்றார்.

"இல்லண்ணாச்சி. வண்டி பேரு, வருசம் எல்லாம் தெரியும்."

"பேரை வச்சு நான் என்ன செய்ய? அதே பேருல என்கிட்ட மூணு இருக்கு. பழசைக் கழட்டிக் கொண்டாங்க தம்பி."

பழசைக் கழற்றிக் கொண்டுபோனேன். முதுகைத் திருப்பிப் பார்த்தார், ஸ்கேலை வைத்தார், மூணு டப்பாவைத் திறந்தார், ஒன்றைத் தள்ளினார். அதுதான். காது சரியாக உட்கார்ந்தது.

இந்த இடத்தில் நம் இணையக் கட்டுரைகள் வழக்கமாக என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அண்ணாச்சியின் விரல்களை வர்ணிக்கும். கணினி அறியாததைக் கைகள் அறியும் என்று எழுதும். நாற்பது வருஷ அனுபவம், மறையும் ஞானம், ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம். நானும் அப்படி ஒன்று எழுதியிருக்கிறேன், லைக்கும் வாங்கியிருக்கிறேன்.

தயவுசெய்து அதை நிறுத்துவோம். அண்ணாச்சி ஞானி இல்லை. அவர் ஒரு அட்டவணை. வெளியிடப்பட வேண்டிய தகவலை யாரும் வெளியிடாததால் அதைத் தன் தலைக்குள் ஏற்றிக்கொண்ட மனிதர். ஞாயிற்றுக்கிழமை அவர் கடை லீவு. அவர் பையன் பெங்களூரில் ஐடி வேலையில் இருக்கிறான். அவர் கடையை மூடுகிற அன்று வெளி வீதியில் ஒரு கவிதை சாகப்போவதில்லை. வண்டியை நிறுத்துவதற்கான தகவல் சாகும். அதை நினைத்து நெகிழ்வதை விட்டுக் கோபப்படுவதுதான் நியாயம்.

3

இது பிரேக் தெரியாத ஊர் என்றால்கூட மன்னிக்கலாம். டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911இல் ஆரம்பித்த நிறுவனத்தின் கட்டடம் மேல வெளி வீதியில் இருக்கிறது. அதே குழுமத்திலிருந்து 1962இல் சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா வந்தது. 1974இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் வந்தது. அதன் ஆலைகளில் ஒன்று பக்கத்து விருதுநகர் மாவட்டத்தில், காரியாபட்டி தாலுகாவில் இருக்கிறது. ராணே பிரேக் லைனிங் 1964இல் ஆரம்பிக்கப்பட்டது. வண்டியை நிறுத்தும் பொருளை நாட்டுக்கே செய்துகொடுக்கிற மாநிலத்தில், அந்தத் தொழில் பிறந்த ஊரில், எது என் வண்டிக்குச் சரியான துண்டு என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரமும் ஒரு முழ இடைவெளியும் தேவைப்பட்டது.

பொருள் இல்லாததால் வந்த சிக்கலில்லை இது. நம்பரை மறைத்ததால் வந்தது. உலகச் சந்தையில் பேடின் வடிவத்துக்கு அடையாள எண்கள் உண்டு. ஐரோப்பாவில் டபிள்யூவிஏ எண், அமெரிக்காவில் எஃப்எம்எஸ்ஐ எண். எந்தக் கம்பெனி செய்தாலும் ஒரே வடிவத்துக்கு ஒரே எண். அந்த எண் தெரிந்தால் காரின் பேரே வேண்டாம். பேடின் மேல் இருக்கும் ஜிஜி, எஃப்எஃப் போன்ற இரண்டு எழுத்துக்கும் அர்த்தம் உண்டு. முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு, இரண்டாவது கடும் சூட்டில். எஃப் என்றால் உராய்வுக் கெழு 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. இதெல்லாம் ராக்கெட் ரகசியம் இல்லை. ஆனால் நம் ஊரில் அட்டைப்பெட்டியில் பெரிசாக அச்சடிக்கப்படுவது ஒரே சொல்: 'ஜென்யூன்'.

ஜென்யூன் என்பது நம் காலத்து மந்திரத் தாயத்து. கம்பெனி டப்பாவில் வருவதும், அதே பேடைச் செய்த ஆலை தன் பேரில் விற்பதும், டெல்லிப் பக்கம் எங்கோ அச்சடித்த போலி டப்பாவும் கவுன்டரில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இதில் முதலாவதை மட்டும் நம்பு என்று சொல்கிறவர்களுக்கு அந்த முதலாவதை எனக்கு விற்க மனமில்லை. பாதுகாப்புக்காகத்தான் வெளியே விற்பதில்லை என்பது கார் கம்பெனிகளின் பழைய வாதம். இந்தியப் போட்டி ஆணையம் அதை ஏற்கவில்லை. 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததற்காக. அபராதத்தின் மேல் மேல்முறையீடுகள் நடந்தன, அது வக்கீல்களின் கதை. மெக்கானிக்கின் கதை என்னவென்றால், அவர் கையில் இன்னும் அரம்தான் இருக்கிறது.

4

"அப்பா ஏன் இருபது வருஷ வண்டியை வைத்துக்கொண்டிருக்கிறார், எக்ஸ்சேஞ்ச் செய்ய வேண்டியதுதானே?" ஆபீசில் எல்லாரும் கேட்டார்கள். ஏதோ அவர் பழைய வண்டி மேல் பாசம் வைத்து உயிரைப் பணயம் வைப்பது போல.

அப்பாவுக்குப் பாசமெல்லாம் கிடையாது. பென்ஷன் இருக்கிறது, மாதத் தவணை கட்ட விருப்பமில்லை, அவ்வளவுதான். 15 வருஷம் கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆக்கினார்கள். அப்பா அதைக் கட்டினார். வண்டியைச் சோதித்துப் பார்த்து, இது ஓடலாம் என்று ஐந்து வருஷத்துக்கு அரசாங்கம் எழுதிக் கொடுத்தது. ஓடலாம் என்று சொன்னால் நிற்கவும் வேண்டும் அல்லவா? ஓட்டத்துக்கு அனுமதியும் கட்டணமும் உண்டு, நிறுத்தத்துக்கான தகவல் மட்டும் கிடையாது என்றால் அந்தச் சான்றிதழ் எதைச் சான்றளிக்கிறது?

கம்பெனி இருக்கும்வரை இது வெறும் எரிச்சல். கம்பெனியே போய்விட்டால்? ஜெனரல் மோட்டார்ஸ் 2017 கடைசியில் இங்கே விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலை நகரிலிருந்து கடைசிக் கார் 2022இல் வெளியே வந்தது. சர்வீஸும் பாகங்களும் தொடரும் என்று வாக்குறுதி தந்தார்கள். அது நல்ல வாக்குறுதிதான். ஆனால் பிரேக்கை வாக்குறுதியின் மேல் விடக்கூடாது.

கேட்பது பெரிசாக ஒன்றுமில்லை. ஒன்று, சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் அந்த வண்டிக்கான பேட், லைனிங், தட்டு ஆகியவற்றின் எண்களைத் தருகிற பொது அட்டவணை. காசில்லாமல், லாகின் இல்லாமல். நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுநீக்கும் உரிமைக்கென்று ஒரு தளமே திறந்தது. அதில் இது இருக்கலாம். இரண்டு, ஒரு மாடலின் தயாரிப்பை நிறுத்தினால் அதன் பிரேக் பாகங்களின் அளவுகளை வெளியிட வேண்டும் என்ற கட்டாயம். மூணு, மாற்று பேடுக்குக் கறாரான விதி. ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தில் விதி எண் 90 என்று ஒன்று தொண்ணூறுகளிலிருந்தே இருக்கிறது. மாற்று பேடின் செயல்திறன் அசல் பேடிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக்கூடாது என்கிறது. யார் செய்தது என்று அது கேட்பதில்லை. எப்படி நிறுத்துகிறது என்று கேட்கிறது. ஜென்யூன் தாயத்துக்கு அதுதான் மாற்று.

5

இப்போது என் பங்கு.

இரண்டு கம்பெனிகளுக்கு முன்னால், வாகன உதிரிபாகம் விற்கும் ஒரு செயலிக்கு நான் வேலை செய்திருக்கிறேன். சப்ளையர்களிடமிருந்து எக்செல் ஷீட் வரும். காரின் பேர், வருஷம், எரிபொருள், கடைசியில் 'காலிப்பர் வகை' என்று ஒரு பத்தி. முக்கால்வாசி வரிகளில் அந்தப் பத்தி காலி. யாரிடம் கேட்பது என்று யாருக்கும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை ரிலீஸ். பத்தி காலியாக இருந்தால் அந்தப் பொருளைக் காட்டாமல் மறைக்கலாம் என்றேன். கேட்டலாகில் பாதி காணாமல் போய்விடும் என்றார்கள். அதனால் ஒரு வரி எழுதினேன்: காலியாக இருந்தால் எல்லா வகைக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்.

கோட் ரிவ்யூவில் யாரும் எதுவும் சொல்லவில்லை. டெஸ்ட் எல்லாம் பச்சை.

நான் பேட் வாங்கியது அந்தச் செயலியில் அல்ல, வேறொன்றில். ஆனால் அங்கேயும் என்னைப் போல ஒருவன் அதே வரியை எழுதியிருப்பான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த வரியின் தமிழாக்கம்தான் 'செட் ஆயிடும் சார்'. மெக்கானிக் அதை அரத்தால் எழுதினார், நான் கீபோர்டால் எழுதினேன். அவருக்காவது தான் ராவுகிறோம் என்று தெரிந்திருந்தது. எனக்கு அதுவும் தெரியவில்லை. தெரியாது என்பதைத் தெரியாது என்று காட்டுவதற்கு நான் ஒரு சாம்பல் நிற டிக் வைத்திருக்கலாம். 'பழைய பேடைக் கழற்றி ஒப்பிட்டுப் பார்க்கவும்' என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். அண்ணாச்சி எல்லாரிடமும் சொல்கிற வரி அது.

ஆகவே, சட்டம் வரும்வரை: பழசைக் கழற்றுங்கள். முதுகில் இருக்கும் எண்ணைப் படம் எடுங்கள். நீளம், உயரம், தகட்டின் தடிமன், காதின் அகலம் நாலையும் அளந்து வையுங்கள். காலிப்பரில் அதைச் செய்த கம்பெனியின் பேர் வார்த்திருக்கும், குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றாதீர்கள். உங்கள் கண் முன்னால் யாராவது பேடுக்கு அரம் போட்டால், நிறுத்தச் சொல்லுங்கள். உங்களில் யாராவது அந்தச் செயலிகளில் வேலை பார்த்தால், இன்றைக்கு அந்த வரியைத் தேடிப் பாருங்கள். இருக்கும்.

அண்ணாச்சி கொடுத்த பேடின் எண்ணை அப்பா ஆர்சி புக் கவருக்குள் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருக்கிறார். எனக்கும் வாட்ஸப்பில் அனுப்பினார். கீழே ஒரு வரி: "அடுத்த தடவை நான் இல்லேன்னாலும் உனக்குத் தெரியணும்."