உடம்பு வளைந்தால் மட்டும் போதுமா?



“மகள் தரம் 3 படிக்கிறாள். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் அவள் கரணம் அடித்ததைப் பார்த்த பயிற்றுநர் ஒருவர், ‘பிள்ளைக்கு உடம்பு நல்லா வளையுது, ஜிம்னாஸ்டிக்குக்கு விடுங்கோ, வாரத்தில ஆறு நாள், நாளுக்கு இரண்டு மணித்தியாலம் வரவேணும்’ எண்டு சொல்லுறார். இப்பவே விடலாமோ, இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமோ?” எட்டு வயதுப் பிள்ளையின் தாயொருவர் கேட்டது இது. வேறு தாய்மாரும் நடனத்தை வைத்து, ஓட்டத்தை வைத்து, நீச்சலை வைத்து இதையே கேட்கிறார்கள். ஆகவே இம்மாதம் இதைப் பற்றிச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

கணவனை இழந்தோ, காணாமற்போனவரைத் தேடியபடியோ தனியாகக் குடும்பத்தைக் கொண்டு நடத்தும் பெண்ணிடம் வெளியார் ஒருவர் வந்து “உங்கடை பிள்ளையிடம் திறமை இருக்கு” என்று சொல்வது சின்ன விடயம் அல்ல. எங்களில் பலருடைய சிறுபராயம் இடம்பெயர்விலும் பங்கரிலும் போய்விட்டது. எமக்குக் கிடைக்காதது பிள்ளைக்காவது கிடைக்கட்டும் என்று மனம் உடனே ‘ஓம்’ சொல்லும். சிலருக்குப் பயம் வந்து உடனே ‘வேண்டாம்’ சொல்லும். இரண்டு பதிலும் எங்கள் மனதிலிருந்து வருபவை. பிள்ளையைப் பார்த்த பிறகு சொல்லும் பதில் எது என்பதுதான் இங்கே கேள்வி.

முதலில் அவசரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ‘இப்ப தொடங்காவிட்டால் பிந்திவிடும்’ என்ற பேச்சு ஜிம்னாஸ்டிக்கில் அதிகம். 1976ஆம் ஆண்டு மொன்றியல் ஒலிம்பிக்கில் ருமேனியாவின் நாடியா கொமனெச்சி, ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்கில் முதன்முறையாக முழுமையான 10 புள்ளியைப் பெற்றார். அப்போது அவருக்கு வயது 14. புள்ளிப்பலகையில் 10 என்று காட்ட வசதி இல்லாததால் 1.00 என்று காட்டினார்கள். அதன் பின்னர், இது சின்னஞ்சிறு பெண்பிள்ளைகளின் விளையாட்டு என்ற எண்ணம் உலகமெங்கும் வேரூன்றியது. ஆனால் சர்வதேச ஜிம்னாஸ்டிக் சம்மேளனமே பெண்களின் மூத்தோர் போட்டிகளுக்கான குறைந்த வயதை 1981இல் 15 ஆகவும், 1997இல் 16 ஆகவும் உயர்த்தியது. வளரும் உடம்பைக் காப்பாற்ற வேண்டும் என்பது அதற்கு ஒரு முக்கிய காரணம்.

உஸ்பெகிஸ்தானைச் சேர்ந்த ஒக்ஸானா சுசோவிட்டினா 1992 முதல் 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் வரை எட்டு ஒலிம்பிக் போட்டிகளில் பங்குபற்றினார். டோக்கியோவில் அவருக்கு வயது 46. இடையில் 2002இல் அவருடைய சிறு மகனுக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரியவந்தது. சிகிச்சைக்காகக் குடும்பத்தோடு ஜேர்மனிக்குச் சென்று, அந்தச் செலவுக்காகவே போட்டிகளில் தொடர்ந்து பங்குபற்றிய தாய் அவர். மகன் குணமடைந்தார். 2008இல் பெய்ஜிங்கில் ஜேர்மனிக்காக வெள்ளிப் பதக்கமும் பெற்றார். இலங்கையிலிருந்து ஒலிம்பிக்குக்குத் தெரிவான முதலாவது ஜிம்னாஸ்டிக் வீராங்கனை மில்கா கெஹானி. டோக்கியோவில் அவருக்கு வயது 18.

இப்படியானவர்கள் சிறு வயதிலேயே இதைத் தொடங்கியவர்கள் என்பது உண்மை. ஆனால் தொடங்குவது வேறு, தீவிரமாகப் பயில்வது வேறு. வாரத்தில் ஒரு நாள், இரண்டு நாள் உருண்டு, தொங்கி, குதித்துப் பழகுவது எட்டு வயதுக்கு நல்லது. ஆறு நாளும் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்ய வைத்து, போட்டிக்கென்று ஆயத்தப்படுத்துவதுதான் யோசித்து எடுக்க வேண்டிய முடிவு. ஒரு வருடம் பொறுத்தால் கதவு பூட்டப்படாது.

இனி உடம்பைப் பார்ப்போம். பிள்ளைகளின் எலும்பு நுனிகளில் வளர்ச்சிக்கான மெதுமையான குருத்தெலும்புப் பகுதி இருக்கிறது. எலும்பு நீளுவது அங்கேதான். கையை ஊன்றி உடம்பைத் தாங்கும்போது மணிக்கட்டிலுள்ள அந்தப் பகுதிக்கும், பின்னுக்கு வளையும்போது இடுப்புக்கு மேலுள்ள முள்ளந்தண்டு எலும்புக்கும் சுமை ஏறுகிறது. போதிய ஓய்வு இல்லாமல் தொடர்ந்தால் அந்த இடங்களில் காயம் உண்டாகும். விளையாட்டு மருத்துவர்கள் இலகுவான ஒரு கணக்குச் சொல்கிறார்கள். ஒரு வாரத்தில் செய்யும் ஒழுங்கான பயிற்சி, மணித்தியாலக் கணக்கில் பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது. எட்டு வயதென்றால் எட்டு மணித்தியாலம். அந்தப் பயிற்றுநர் கேட்பது ஆறு நாள், நாளுக்கு இரண்டு, மொத்தம் பன்னிரண்டு. வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வும், வருடத்தில் இரண்டு மூன்று மாதம் அந்த விளையாட்டிலிருந்து விடுமுறையும் வேண்டும் என்றும் அவர்கள் சொல்கிறார்கள்.

சாப்பாடும் இதில் சேரும். பயிற்சி கூடினால் முட்டை, நெத்தலி, பயறு, கௌபி, முருங்கையிலை போன்றவையும் கூட வேண்டும். “மெலிவா இருந்தால்தான் நல்லது” என்று யாராவது பிள்ளையின் சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னால் அந்தப் பேச்சை அன்றைக்கே நிறுத்துங்கள். வளரும் வயதில் சாப்பாடு போதாமல் கடும் பயிற்சி செய்தால் மாதவிடாய் தள்ளிப்போகும், எலும்பும் பலவீனமாகும்.

அடுத்தது மனம். இங்கேதான் எங்கள் குடும்பங்களுக்கென்று ஒரு விசேட கவனம் தேவைப்படுகிறது. தயாரான பிள்ளை எப்படி இருப்பாள்? சொன்னதைக் கேட்டு, தன் முறை வரும்வரை காத்திருப்பாள். விழுந்தால் திரும்ப முயற்சிப்பாள். யாரும் சொல்லாமலே வீட்டு முற்றத்தில் செய்து பார்ப்பாள். இவை எல்லாம் பார்க்க வேண்டியவைதான். இவற்றைவிட முக்கியமான ஒன்று உண்டு. நோகும்போது ‘நோகுது’ என்றும், பயமாக இருக்கும்போது ‘பயமா இருக்கு’ என்றும் அவள் வாய்விட்டுச் சொல்கிறாளா?

2009இல் முடிந்த போரின் இறுதி மாதங்களிலும் அதற்கு முன்பும் சத்தம் போடாமல் பொறுத்துக்கொள்ளப் பழகியவர்கள் நாங்கள். அந்தப் பொறுமை எங்களை உயிரோடு கொண்டு வந்து சேர்த்தது. போருக்குப் பின் பிறந்த பிள்ளைகளும் அதை எங்களைப் பார்த்தே பழகுகிறார்கள். அம்மாவுக்கு ஏற்கெனவே எத்தனையோ கவலை என்று நினைத்து, வீங்கிய மணிக்கட்டை மறைத்து “நோகேல்லை அம்மா, சும்மாதான்” என்று சொல்லும் பிள்ளைகள் எமது வீடுகளில் இருக்கிறார்கள். பயிற்சி மண்டபத்தில் அப்படியான பிள்ளையை ‘கெட்டிக்காரி, அழவே மாட்டாள்’ என்று பாராட்டுவார்கள். பாராட்டுக் கிடைத்தால் அவள் இன்னும் கூடுதலாக மறைப்பாள். நோவைச் சொல்லத் தெரியாத பிள்ளை, உடம்பு எவ்வளவு வளைந்தாலும் தீவிர பயிற்சிக்கு இன்னும் தயாராகவில்லை. வீட்டில் சின்ன விடயங்களில் பழக்கலாம். ‘இது வேண்டாம்’ என்று அவள் சொன்னால் ஏசாமல் கேளுங்கள். ‘எங்கை நோகுது, எப்ப தொடங்கினது’ என்று விசாரியுங்கள். சொன்னதற்காக அவளைப் பாராட்டுங்கள்.

நிறுத்தச் சொல்வதால் யாரும் கெட்டுப்போவதில்லை. அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ் ஆறு வயதில் இந்த விளையாட்டைத் தொடங்கியவர். டோக்கியோவில், ஆகாயத்தில் சுழலும்போது தன் உடம்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்ற உணர்வு தனக்குத் தப்பிப்போகிறது என்று சொல்லி, பல போட்டிகளிலிருந்து விலகினார். உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. விலகியதற்காகக் குறை சொன்னவர்களும் உண்டு. 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் மூன்று தங்கப் பதக்கங்களும் ஒரு வெள்ளியும் பெற்றார். அப்போது அவருக்கு வயது 27.

மூன்றாவது, பயிற்சி நடக்கும் இடம். அமெரிக்க ஜிம்னாஸ்டிக் அணியின் மருத்துவராக நெடுங்காலம் இருந்த லாரி நாசர், சிகிச்சை என்ற பெயரில் சிறுமிகளைப் பாலியல் துஷ்பிரயோகம் செய்தார். 2018 ஜனவரியில் அவருக்கு 40 முதல் 175 வருடம் வரை சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 150க்கும் மேற்பட்ட பெண்கள் நீதிமன்றத்தில் தங்கள் பாதிப்பைச் சொன்னார்கள். சிலருக்கு அந்தக் கொடுமை நடந்தபோது பெற்றோர் அதே அறையில் இருந்தார்கள். படித்தவர், பெயர் பெற்றவர் என்பது பாதுகாப்பு ஆகாது. பிள்ளையை விடுவதற்கு முன் இவற்றைக் கேளுங்கள்:

பயிற்சியை நாங்கள் எப்போதும் இருந்து பார்க்கலாமா?
தாங்கிப் பிடிக்கும்போது எங்கே, எப்படிப் பிடிப்பீர்கள்? பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்வீர்களா?
கீழே விரிக்கப் போதிய மெத்தை உண்டா?
நோகுது என்று பிள்ளை சொன்னால் என்ன செய்வீர்கள்?
பிள்ளையைத் தனியே அழைத்துச் செல்லும் வழக்கம் உண்டா?

நல்ல பயிற்றுநர் இந்தக் கேள்விகளுக்குக் கோபிக்க மாட்டார். “எங்களை நம்பேல்லையோ” என்று முகம் சுழித்தால் அதுவே உங்களுக்குப் பதில். பிள்ளைக்கு ஏதும் தீங்கு நடக்கிறது என்று சந்தேகம் வந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு அழைக்கலாம். உங்கள் பிரதேச செயலகத்தில் சிறுவர் விடயங்களைப் பார்க்கும் உத்தியோகத்தரிடமும் சொல்லலாம்.

கடைசியாக வீடு. பஸ் காசு, உடுப்பு, கட்டணம் எல்லாவற்றையும் ஒரு மாதத்துக்குக் கூட்டிப் பாருங்கள். சீட்டுக் காசை உடைத்து, அல்லது நுண்கடன் எடுத்து இதைத் தொடங்காதீர்கள். பின்னேரம் ஆறு நாளும் யார் கூட்டிச் செல்வது? தையலோ கூலி வேலையோ அந்த நேரத்தில் நின்றால் வீட்டுச் செலவுக்கு என்ன வழி? மற்றப் பிள்ளைகளை யார் பார்ப்பது? தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கான ரியூஷனும் சேர்ந்தால் அவள் நித்திரை கொள்வது எத்தனை மணிக்கு? வீடு தாங்காத பயிற்சியின் பாரம் ஒருநாள் பிள்ளையின் தலையில்தான் இறங்கும். “உனக்காக எவ்வளவு செலவழிச்சன்” என்ற ஒரு வசனம் வாயிலிருந்து வந்துவிட்டால், அதன் பிறகு அவளால் ‘போதும் அம்மா’ என்று சொல்லவே முடியாது.

ஆகவே எட்டு வயதில் ஆறு நாள் வேண்டாம் என்பதே எனது கருத்து. இரண்டு நாள், மொத்தமாக நான்கு மணித்தியாலம், மூன்று மாதத்துக்கு என்று பயிற்றுநரிடம் கேட்டுப் பாருங்கள். மூன்று மாதம் முடிய, பயிற்றுநர் இல்லாத இடத்தில், நீங்களும் பிள்ளையும் மட்டும் இருந்து கதையுங்கள். “போட்டி ஒண்டும் இல்லை, பரிசும் இல்லை எண்டாலும் நீ போவியோ?” என்று கேளுங்கள். பதிலை மட்டும் அல்ல, சொல்லும்போது முகத்தையும் பாருங்கள். சிறுவர் உரிமைகள் பற்றிய சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை ஓய்வையும் விளையாட்டையும் பிள்ளையின் உரிமை என்று சொல்கிறது. இலங்கை 1991இல் அதனை ஏற்றுக்கொண்டது. திறமை உள்ள பிள்ளைக்கும் அந்த உரிமை உண்டு.