ஈர நிஜார்

என் சித்தப்பா ஆறு மாதமாக என்னோடு பேசுவதில்லை. தாத்தாவின் நூற்றாண்டுக்குக் குடும்ப வரலாறு ஒன்று அச்சுப் போட முனைந்தவர், பிழை பார்க்க என்னிடம் கொடுத்தார். “போர்க்காலத்தில் செங்குன்றம் விமானத் தளத்தில் ஸ்பிட்ஃபயர் விமானங்களைப் பராமரித்து ஜப்பானியரை விரட்டியவர்” என்று தாத்தாவைப் பற்றி ஒரு வாக்கியம் இருந்தது. அதை அடித்தேன்.

“ஏண்டா, ஊருக்கெல்லாம் பொய் எழுதிக் காசு வாங்குகிறாய். சொந்தத் தாத்தாவுக்கு ஒரு பொய் எழுதினால் குறைந்தா போவாய்?” என்றார்.

கேள்வி நியாயம் போலத் தோன்றுகிறது. அதனாலேயே பதில் சொல்கிறேன். நாவலில் நான் சொல்வது கற்பனை என்று வாசகருக்குத் தெரியும். அது எங்களுக்குள் உள்ள ஒப்பந்தம். அட்டையில் ‘வரலாறு’ என்று போட்டுவிட்டு உள்ளே புளுகுவது நம்பினவனை ஏய்ப்பது.

செங்குன்றத்தில் விமானம் இறங்கியது தரையில் அல்ல, ஏரியில். இன்றும் சென்னை குடிக்கிறதே, அதே ஏரி! ஸ்பிட்ஃபயரை அதில் இறக்கினால் மூழ்கித்தான் போகும். 1942 முதல் அங்கே இருந்தது பிரிட்டிஷ் விமானப் படையின் 240-ஆம் ஸ்க்வாட்ரன். அதன் விமானம் கேட்டலினா. படகைப் போன்ற வயிறு, நுனிக்கு நுனி 104 அடி இறக்கை, இரண்டு எஞ்சின். வேகம் குறைவு, ஆனால் ஒரு பகல் முழுவதும் கடலைச் சுற்றிப் பார்த்துத் திரும்பும். 1942 ஏப்ரல் 4-ந் தேதி இலங்கைக்குத் தெற்கே ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு சேதி அனுப்பியது ஒரு கேட்டலினாதான். கொக்கலையிலிருந்து பர்ச்சால் என்ற கனடாக்காரர் ஓட்டி வந்தது. மறுநாள் கொழும்பில் குண்டு விழுந்தது. இதைவிடவா ஸ்பிட்ஃபயர் பெரிது?

இவற்றைத் தேடுவது பிரம்ம வித்தையல்ல. ஸ்க்வாட்ரன்களின் நாட்குறிப்புகள் லண்டனின் கியூ ஆவணக் காப்பகத்தில் ‘ஏர் 27’ என்ற வரிசையில் இருக்கின்றன. 540-ஆம் பாரம் அன்றன்றைய நடப்பைச் சொல்லும். 541-ஆம் பாரம் எந்த விமானம், யார் ஓட்டினார், எத்தனை மணிக்குக் கிளம்பி எப்போது இறங்கினார் என்று சொல்லும். ஏரிக்கரைக் கூலியாளின் பெயரை அதில் தேடிப் பயனில்லை. அது அதற்கான பாரமே அல்ல. அவன் பெயர் அவன் வீட்டுத் தகரப் பெட்டியில்தான் இருக்கும். எங்கள் வீட்டுப் பெட்டியில் தாத்தாவின் வேலைச் சீட்டுகள் இருந்தன. ஒரு போகியன்று பழங்குப்பை என்று எரித்தார்கள். எரித்தவர் இதே சித்தப்பா.

உண்மையை எரித்துவிட்டு அந்தச் சாம்பலில் வீரம் விளைவிக்கப் பார்க்கிறோம். இது என் வீட்டுக் கதை மட்டுமா? உங்கள் பரணைக் கேளுங்கள்!

பாட்டி ஒன்று சொல்வாள்: “தெனமும் ஈர நிஜாரோட வருவாரு. அதைப் பிழிஞ்சு காயப்போடறதே எனக்கு வேலை.” கௌரவக் குறைவென்று சித்தப்பா அதைச் சேர்க்கவில்லை. கேட்டலினாவைக் கரையேற்ற வேண்டுமானால் ஆட்கள் தண்ணீரில் நின்று அதற்குச் சக்கரம் மாட்ட வேண்டும். தாத்தா செய்தது அந்த வேலைதான் என்று நான் சாதிக்க மாட்டேன், சீட்டு எரிந்துவிட்டதே. ஆனால் அந்த ஈரம் ஏரியை அறிந்த ஈரம். ஸ்பிட்ஃபயருக்கு அது தெரியாது.

அடித்த வாக்கியத்துக்குப் பக்கத்தில் பாட்டியின் வாக்கியத்தை எழுதித் திருப்பி அனுப்பினேன். புத்தகம் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. போகி மட்டும் வந்துகொண்டிருக்கிறது.