அச்சைத் திட்டாதீர்கள்

தூண்டிலுக்கும் வலைக்கும் வீட்டிலேயே ஈயக்குண்டு வார்ப்பவர்கள், குண்டு சுருக்கம் விழுந்து வந்தால் உடனே அச்சைத்தான் திட்டுகிறார்கள். சூடேறாத அச்சில் முதல் நாலைந்து குண்டு அப்படித்தான் வரும். மறுபடி உருக்கிவிட வேண்டியதுதான். அதைவிட மோசம், ஒட்டிக்கொண்ட குண்டை ஸ்குரூ டிரைவரால் நெம்புவது. அலுமினிய அச்சு மென்மையானது. குழியில் ஒரு கீறல் விழுந்தால் பிறகு வார்க்கும் ஒவ்வொரு குண்டிலும் அதே தழும்புதான். கைப்பிடி மூட்டில் மரக்கட்டையால் லேசாகத் தட்டினால் குண்டு தானே விழும். அச்சின் இரு பாதியும் சேரும் முகத்தில் கடுகளவு ஈயம் ஒட்டியிருந்தாலும் குண்டின் இடுப்பில் பிசிறு நிற்கும். சூட்டோடு மரக்குச்சியால் சுரண்டுங்கள், அரம் வேண்டவே வேண்டாம். இரும்பு அச்சுக்கு எண்ணெய் பூசி வைப்பது நல்லதுதான், வார்க்கும் முன் சுத்தமாகத் துடைத்துவிட்டால். ஈரம் மட்டும் ஆகாது: ஈயம் உருகுவது 327 டிகிரியில், ஒரு சொட்டுத் தண்ணீர் அதில் சிக்கினால் வெடித்து முகத்தில் தெறிக்கும். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம். குண்டு வார்க்கும் ஈயமோ காரீயம், விஷம். சமையலறையில் உருக்காதீர்கள், பிள்ளைகளை அருகே விடாதீர்கள், சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுச் சோற்றில் கை வையுங்கள்.