நன்றிக்கும் எல்லை உண்டு

ஒடுக்கப்பட்ட சாதியிலிருந்து வந்து தொலைக்காட்சியில் மைக் பிடிப்பவரிடம் திறமையைவிட அதிகமாக எதிர்பார்க்கப்படுவது நன்றி. "உன்னை இந்த இடத்துக்குக் கொண்டுவந்தது யார் என்று நினைத்துப் பார்" என்ற சொல்லைத் தென்காசி மாவட்டச் செய்தியாளனாகப் பலமுறை கேட்டுவிட்டேன். சம்பளம் தாமதம் என்றாலும் இதே பதில். அனுப்பிய செய்தி ஏன் வரவில்லை என்றாலும் இதே பதில். வேலை செய்கிறோம், கூலி வாங்குகிறோம். அதற்கு மேல் இது என்ன கடன்?

நன்றி பாராட்டுவது தவறல்ல. யாருக்கு, எதுவரை என்பதுதான் கேள்வி. 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர், அயர்லாந்துத் தலைவர் டேனியல் ஓ'கானலை எடுத்துக்காட்டி அந்த எல்லையை வகுத்தார். தன்மானத்தை விலையாகக் கொடுத்து மனிதரோ, விடுதலையை விலையாகக் கொடுத்து நாடோ நன்றி காட்ட முடியாது என்றார். நாட்டுக்கு உழைத்த பெருந்தலைவர்களுக்கே இந்த எல்லை என்றால், செய்தி ஆசிரியர் எம்மாத்திரம்?

அம்பேத்கரும் உதவி பெற்றவர்தான். பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913இல் கொலம்பியா சென்றார். 1920இல் 'மூக்நாயக்' இதழ் தொடங்கச் சாகு மகராஜ் பணம் தந்தார். அதற்காக அவர் பேனாவை அடகு வைக்கவில்லை. தன்னோடு வறுமையையும் கவலையையும் சுமந்து 1935இல் மறைந்த ரமாபாய்க்கு, பாகிஸ்தான் பற்றிய தன் நூலைக் காணிக்கையாக்கினார். உதவியவரை மதிப்பது வேறு. உடன் சுமந்தவருக்குக் கடன்பட்டிருப்பது வேறு.

எங்கள் பகுதியில் அப்படிச் சுமந்தவர்கள் பீடி சுற்றும் பெண்கள். மடியில் சுளகை வைத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் சுற்றிச் சுற்றித்தான் என் அம்மாவும் என்னைப் படிக்க வைத்தார். "ஏல, நீ படி, மத்தத நான் பாத்துக்கிடுதேன்" என்பதைத் தவிர அவர் எனக்கு அறிவுரை எதுவும் சொன்னதில்லை. இன்றுவரை நன்றியும் கேட்டதில்லை.

இப்போது "எவ்வளவு கஷ்டத்தைத் தாங்கி வந்திருக்கிறீர்கள்!" என்று பாராட்டுகிறார்கள். தாங்கியவரைப் புகழ்ந்துவிட்டால், தாங்க வைத்தவர் யார் என்று கேட்க வேண்டியதில்லை அல்லவா? 2006இல் டெல்லி ஊடகங்களில் முடிவெடுக்கும் பொறுப்பிலிருந்த 315 பேரை ஆய்வு செய்தபோது, தலித்தோ பழங்குடியினரோ ஒருவர்கூட இல்லை. 2019இல் ஆக்ஸ்ஃபாம் இந்தியா, நியூஸ்லாண்ட்ரி ஆய்வில் 121 தலைமைப் பொறுப்புகளில் 106 உயர்சாதியினரிடம் இருந்தன. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் அப்போதும் பூஜ்யம். 13 ஆண்டுகளில் நம்மவர்களின் மன உறுதியா குறைந்துபோனது? கதவு திறக்கவில்லை, அவ்வளவுதான்.

கதவு மூடியிருப்பதன் விளைவு செய்தியில் தெரியும். குற்றாலத்தில் சாரல் விழுந்தால், ஐந்தருவியில் குளிக்கத் தடை என்றால், உடனே நேரலை கேட்கிறார்கள். இதே மாவட்டத்தில் சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாங்குளத்தில், 2022 செப்டம்பரில் தலித் குழந்தைகளுக்குத் தின்பண்டம் தர மறுத்த கொடுமையை வெளியே கொண்டுவந்தது எந்தத் தொலைக்காட்சிக் கேமராவும் அல்ல. கடைக்காரர் தரப்பே எடுத்துப் பரப்பிய கைபேசிக் காணொளி. அதன் பிறகுதான் கைது, கடைக்குச் சீல், தலைப்புச் செய்தி எல்லாம். காணொளி எடுக்கப்படாத கடைகள் எத்தனை இருக்கும்? அந்தத் தெருக்களில் வளர்ந்த ஒருவர் செய்தி மேசையில் இருந்தால், அருவிக்குப் பக்கத்தில் அந்தக் கடைகளும் செய்தியாகும்.

ஆகவே, அம்மாக்களுக்கு நன்றி சொல்வோம். நமக்கு முன்னால் அடிபட்டு இடஒதுக்கீட்டையும் கல்வியையும் பெற்றுத் தந்தவர்களுக்கு நன்றி சொல்வோம். நிறுவனங்களிடம் கேட்க வேண்டியது வேறு: நிலையான ஊதியம், ஆசிரியர் குழுவில் இடம், தங்கள் செய்தி அறையின் சாதிக் கணக்கு. இவற்றைக் கேட்பவரை நன்றி கெட்டவர் என்பார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.