அபிப்பிராயம் யாருக்குரியது?

கற்றோரென மார்தட்டும் நாம் பேசாத பொருளுண்டோ? 1980ஆம் ஆண்டு, மலேசியக் காற்பந்துக் குழு தகுதி பெற்றும் மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது முறையாவென மணிக்கணக்கில் வாதிடுவோம். இலண்டன் பார்லிமெண்டின் போக்கையும் எடைபோடுவோம். தோட்டத் தொழிலாளி தன் சம்பளத்தைப் பற்றி ஒரு சொல் கூறிவிட்டாலோ, "இவனுக்கென்ன அரசியல்?" என்று முகஞ்சுளிக்கிறோம். என்னே நமது நியாயம்!

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்தில் வேலைநிறுத்தஞ் செய்த தோட்டத் தொழிலாளர் கேட்டவை யாவை? சம்பள உயர்வோடு அவர்கள் நிற்கவில்லை. பேச்சுரிமையுங் கூட்டவுரிமையுங் கேட்டனர். கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். வெள்ளைத் துரைமாரையும் ஆசிய உத்தியோகஸ்தரையுங் கண்டால் சைக்கிளை விட்டிறங்கும் இழிவை ஒழிக்கக் கோரினர். படிப்பில்லாதவரென நாம் எண்ணியவர் கொண்ட அபிப்பிராயம் இது! துருப்புகளைக் கொண்டே அப்போராட்டம் அடக்கப்பட்டது.

அவ்வுத்தியோகஸ்தர் வரிசையில் கிராணிமாராகிய நாமும் இருந்தோம் என்பதை மறத்தலாகாது. சைக்கிளை விட்டிறங்கும் வழக்கம் ஒழிந்தது. நம்மைக் கண்டதும் தொழிலாளி தன் பேச்சை நிறுத்தும் வழக்கம் ஒழிந்ததா? காற்பந்துக்காகத் தொண்டை கிழியக் கத்தும் நாம், லயத்துக் கூரை ஒழுகுவதை மேலதிகாரியிடஞ் சொல்ல நடுங்குவதேன்?

தோழர்களே! நமக்குள்ள உரிமை அவருக்கும் உண்டு. அவர் பேசட்டும், நாம் வாய்மூடிக் கேட்போம், கேட்டதை அஞ்சாது எழுதுவோம்.