தோணியின் எண்ணும் குடத்தின் பெயரும்



நியூ ஜெர்சியில் எங்கள் அண்டை வீட்டுப் பெரியவரின் கார்க் கொட்டகையில், கூரையோடு சேர்த்துக் கட்டப்பட்ட பழைய மரத்தோணி ஒன்று உண்டு. ‘கனூ’ என்று இந்நாட்டார் அழைக்கும் அத்தோணி அவருடைய பாட்டனார் விட்டுச் சென்றது. அது எங்கே, எப்போது செய்யப்பட்டது என்று வீட்டில் எவரும் எழுதி வைக்கவில்லை. சென்ற கோடையில் அதை இறக்கித் துடைத்தபோது, முனைக்கட்டையின் உட்புறத்தில் பொறிக்கப்பட்ட எண் ஒன்று தென்பட்டது. அதன் வரலாற்றைத் திறக்கும் சாவியாக அவ்வெண்ணே அமைந்தது.

மெயின் மாநிலத்தில் ஓல்டு டவுன் என்னும் ஊரின் தோணி நிறுவனம், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் தான் செய்த தோணிகளில் எண் பொறித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை எழுதி வைத்தது. நீளம் எத்தனை அடி, என்ன மரம், என்ன வண்ணம், எந்த நாளில் எந்த ஊருக்கு அனுப்பப்பட்டது என்பன அவ்வட்டையில் இருக்கும். 1979இல் தோன்றிய மரத்தோணி ஆர்வலர் சங்கம் ஒன்று அவ்வட்டைகளைப் படமெடுத்துக் கணினியில் ஏற்றியுள்ளது. ஆயினும் அட்டை சொல்லாத செய்தியும் ஒன்று உண்டு. இத்தோணியின் வடிவம் பெனாப்ஸ்காட் முதலிய பழங்குடி மக்களின் பிர்ச் மரப்பட்டைத் தோணியிலிருந்து வந்தது. பட்டை இருந்த இடத்தில் கித்தான் போர்த்தப்பட்டது.

கலமும் கடலும் நமக்குப் புதியன அல்ல. தோணி, ஓடம், வள்ளம், நாவாய், வங்கம் என எத்தனை பெயர்கள் நம் மொழியில்! ஆங்கிலத்தில் வழங்கும் ‘கேட்டமரன்’ நம் கட்டுமரமே. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி அம்மாள்’ என்னும் பாய்மரக் கப்பல், 1938 ஆகஸ்டு மாதம் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தை வந்தடைந்தது. அதை விலைக்கு வாங்கிய வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்னும் அமெரிக்கர், ‘ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்’ எனத் தம் மனைவியின் பெயரைச் சூட்டியிருந்தார். அட்லாண்டிக் கடலைக் கடந்து அதைக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் வல்வெட்டித்துறை மாலுமிகள். புதுப்பெயர் பூண்ட அக்கப்பல் எங்கே பிறந்தது என்பதை இன்றும் நாம் அறிகிறோம் என்றால், அவ்வூரார் மறவாமல் சொல்லியும் எழுதியும் வந்தது பெருங்காரணமாகும்.

நம் வீடுகளுக்கு வருவோம். எங்கள் வீட்டில் ஒரு பித்தளைக் குடம் உண்டு. அதன் கழுத்தில் புள்ளி புள்ளியாக ஒரு பெயர் வெட்டப்பட்டிருக்கிறது. எங்கள் மகள் அதை நெடுநாள் கோல வேலைப்பாடு என்றே எண்ணியிருந்தாள். தமிழ்ப் பள்ளியில் இரண்டாண்டு பயின்றபின், ஒருநாள் எழுத்துக் கூட்டி அப்பெயரைப் படித்துவிட்டாள். “யார் இவர்?” என்றாள். “பாட்டியின் அம்மா” என்றோம். “எந்த ஊரில் பிறந்தார்?” என்று அடுத்துக் கேட்டாள். வாயடைத்து நின்றோம். ஊரிலுள்ள வயது முதிர்ந்த அத்தையாரைத் தொலைபேசியில் அழைத்த பிறகே விடை கிடைத்தது. அவரும் இல்லாதிருந்தால் யாரைக் கேட்டிருப்போம்?

இவற்றையெல்லாம் ஆங்கிலத்தில் குறித்து வைத்தால் போதாதா என்று சிலர் கேட்கக்கூடும். ஒன்றுமே எழுதாமல் இருப்பதைவிட அது நன்றே. ஆனால் குடத்தில் இருப்பது தமிழ் எழுத்து. செய்தியைச் சொல்லக்கூடிய அத்தையார் பேசுவதும் தமிழ். படிக்கவும் கேட்கவும் தெரியாத பிள்ளைக்கு அக்குடம் வெறும் பித்தளை. அட்டை இல்லாத எண்ணால் தோணிக்கு என்ன பயன்?

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு விழாவிற்குள் ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டிலுள்ள பழம்பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும். குத்துவிளக்கோ, பல்லாங்குழியோ, பாட்டியின் புடைவையோ, எதுவாயினும் சரி. அது யாருடையது, எந்த ஊரது, எவ்வாறு கடல் கடந்து வந்தது என்று தாத்தா பாட்டியரைக் கேட்டு, தமிழில் ஒரு பக்கம் எழுதட்டும். பெற்றோர் தாமே எழுதிக் கொடுத்துவிட வேண்டா. பிழையோடு எழுதினாலும் பிள்ளையின் கையெழுத்தே வேண்டும். பதில் சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுவோம்.